கலைச் சந்தையில் புதிய கலைஞரைக் கண்டறிதல்: மலையகத்திலிருந்து சென்ற ஒருத்தியின் குறிப்புகள்

இலங்கையின் மலையகத்தில் உள்ள அட்டனிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் சித்திரம் பயிலும் பிள்ளைகளோடு வேலை செய்பவள் நான். பள்ளிக்கூடச் சித்திரப் பாடம் அவர்களைச் சிகிரியாவின் சுவரோவியங்களிலிருந்து கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் வரையும், அவர் அங்கம் வகித்த, 1943இல் தோன்றிய கலைஞர் அமைப்பான '43 குழு வரையும் அழைத்து வருகிறது. அதற்குப் பின் வந்தவர்கள் யார், நம்மைப் போன்ற மலைகளிலும் தீவுகளிலும் தோட்டங்களிலும் இருந்து இன்று ஆசியாவில் எழுந்துவரும் கலைஞர்கள் யார் என்று அவர்கள் கேட்கும்போது, எங்கோ படித்த பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் படைப்புகளின் முன்னால் நேரில் நின்றவளாகப் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். என் சின்னம்மாவின் மகள் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருப்பதால், அங்கே ஜனவரி மாதத்தில் நடைபெறும் ஆர்ட் எஸ்ஜி கலைச் சந்தைக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. அங்கு பார்த்ததையும், பார்க்கும் முறையைப் பற்றிக் கற்றதையும், பின்னால் செல்லவிருக்கும் ஆசிரியர்களுக்கும் இளம் கலைஞர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இத்தகைய சந்தை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் அங்கே எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதை அதன் இயக்கமே தீர்மானிக்கிறது. நம்மில் பலருக்குக் கொழும்பின் கலா பொல பழக்கமானது. ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இல் தொடங்கிய அந்தத் திறந்தவெளிச் சந்தையில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் ஓரத்தில் ஓவியரே தம் ஓவியங்களின் அருகில் அமர்ந்திருப்பார்; அவரிடமே பேசலாம், அவரிடமே வாங்கலாம். ஆர்ட் எஸ்ஜி அப்படிப்பட்டதன்று. 2023 ஜனவரியில் மரீனா பே சாண்ட்ஸ் மாநாட்டு மண்டபத்தில் அது முதன்முறையாக நடந்தபோது, கலைஞர்களின் படைப்புகளைக் காட்டி விற்கும் 160க்கும் மேற்பட்ட கலைக்கூடங்கள் அதில் பங்கெடுத்தன. அங்கே அரங்கை வாடகைக்கு எடுப்பது கலைக்கூடம். கலைஞர் பெரும்பாலும் வேறொரு நாட்டில் தம் பணிமனையில் இருப்பார். அரங்கின் வாடகை, படைப்புகளை அனுப்பும் செலவு, காப்புறுதி, பணியாளரின் பயணம் ஆகிய அனைத்தையும் சில நாட்களின் விற்பனையிலிருந்து ஈடுசெய்ய வேண்டிய நெருக்கடி அந்தக் கலைக்கூடத்துக்கு உண்டு. ஆகவே சுவரில் மாட்டக்கூடிய ஓவியங்கள் அங்கே மிகுதியாகவும், காணொளிகளும் நிகழ்த்துகலையும் ஓர் அறை முழுவதையும் நிறைக்கும் ஆக்கங்களும் குறைவாகவும் இருக்கும். ஒரு கலைஞர் என்ன செய்கிறார் என்பதன் ஒரு பகுதியை மட்டுமே சந்தை காட்டுகிறது என்ற தெளிவோடு உள்ளே செல்ல வேண்டும். 2012இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே, அதே ஆண்டில் தொடங்கிய டாக்கா கலை உச்சிமாநாடு, 2013 முதல் கொழும்பில் நடைபெற்றுவரும் கொழும்புஸ்கோப் போன்ற கலைவிழாக்கள் விற்பனையை மையமாகக் கொள்ளாதவை. சந்தையில் பெயரை அறிந்துகொண்ட கலைஞரின் முழு வீச்சையும் அத்தகைய இடங்களில்தான் காண முடியும்.

இந்தக் குறை இருந்தும் சந்தைக்கு ஏன் செல்ல வேண்டும் என்றால், பல நாடுகளின் கலைக்கூடங்கள் தத்தம் ஊரில் பல ஆண்டுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைக்கின்றன. மணிலாவுக்கும் ஜகார்த்தாவுக்கும் பாங்கொக்குக்கும் தனித்தனியே செல்ல வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விடயம்.

நுழைந்தவுடன் எதன் முன்னாலும் நிற்காமல் மண்டபம் முழுவதையும் ஒருமுறை நடந்து முடிக்க வேண்டும் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் ஆலோசனை. வாசலுக்கு அருகிலும் மையப் பாதையிலும் பெரிய கலைக்கூடங்கள் இருக்கும். பளபளப்பும் பேரளவும் கொண்ட படைப்புகள் அங்கே கண்ணைப் பிடித்திழுக்கும். உலகப் புகழ் பெற்ற பெயர்களின் முன்னால் கூட்டம் கைப்பேசியோடு நிற்கும். அங்கேயே நின்றுவிட்டால், ஓரங்களில் உள்ள சிறிய அரங்குகளை அடையும்போது கண்ணும் காலும் களைத்துப்போயிருக்கும். தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன இளம் கலைக்கூடங்களுக்குப் பெரும்பாலான சந்தைகள் தனிப் பிரிவு ஒன்றை ஒதுக்குகின்றன. நுழைவாயிலில் கிடைக்கும் தள வரைபடத்தில் அந்தப் பிரிவை அடையாளமிட்டுக்கொண்டு, நடை முடிந்த பிறகு அங்கிருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது. அவற்றுள்ளும் பத்துப் பேரின் படைப்பில் ஒவ்வொன்றைத் தொங்கவிட்ட அரங்கைக் காட்டிலும், ஒரே கலைஞருக்கு முழு இடத்தையும் கொடுத்த அரங்கு பன்மடங்கு பயன் தரும். ஒற்றை ஓவியம் தற்செயலாகவும் சிறப்பாக அமைந்துவிடலாம். ஆறேழு படைப்புகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான், அந்தக் கலைஞரின் மனத்தில் ஓயாமல் உழன்றுகொண்டிருக்கும் கேள்வி எது, வெறும் பழக்கத்தால் திரும்பத் திரும்ப வருவது எது என்று பிரித்தறிய முடிகிறது.

பார்க்கும்போது நான் படம் எடுப்பதில்லை. மாலையில் வீடு திரும்பி, சாப்பிட்ட பிறகு, குறிப்பேட்டைத் திறந்து, நினைவில் எஞ்சியிருப்பவற்றை மட்டும் சொற்களாலும் சிறு கோட்டுப்படங்களாலும் பதிவு செய்வேன். மண்டபத்தில் வியந்து நின்ற பல படைப்புகள் அப்போது நினைவுக்கு வருவதே இல்லை. நின்று பார்த்ததாகவே உணராத ஏதோவொன்று, ஒரு துணியின் மடிப்போ காகிதத்தின் கிழிந்த விளிம்போ, விடாமல் வந்து நிற்கிறது. மறுநாள் அந்தப் பட்டியலோடு சென்று அவற்றை மட்டுமே மீண்டும் பார்க்கிறேன். இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு படைப்பு சிறுத்துப்போனால் அதை விட்டுவிடலாம். முதல் நாள் காணாத ஒன்றை அது காட்டினால் அப்போது படம் எடுக்கலாம். படைப்பைப் படமெடுத்தவுடன் அருகிலுள்ள விவர அட்டையையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு எது யாருடையது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். என் அனுபவத்தில் ஒரு கலைஞரைக் கண்டறிவது அந்த இரண்டாம் பார்வையில்தான் நிகழ்கிறது. எனவே ஒரு நாளுக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வாங்க வசதி உள்ளவர்கள், காலையில் பார்த்துவிட்டு வெளியே சென்று ஓரிரு மணி நேரம் அமர்ந்திருந்து, மாலையில் மீண்டும் உள்ளே செல்லலாம். மறுநுழைவு உண்டா என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த விவர அட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் அதில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கலைஞரின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், படைப்பின் தலைப்பு, ஆக்கிய ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவை அதில் இருக்கும். நான் முதலில் படிப்பது ஊடகத்தைப் பற்றிய வரியை. இது எதனால் செய்யப்பட்டது, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யாருடைய கை பட்டது என்ற கேள்விகள் அந்த வரியிலிருந்தே பிறக்கின்றன. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1971இல் பிறந்த யீ இ-லான் என்ற கலைஞரை நான் அறிந்துகொண்டது இப்படித்தான். ஓர் அரங்கின் சுவரில் பாய் ஒன்று விரித்து மாட்டப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்ணக் கோலம் போலத் தெரிந்த அது, அருகில் சென்றபோது ஒரு மேசையின் வடிவமாகத் தெரிந்தது. விவர அட்டையில் அவருடைய பெயரோடு, அந்தப் பாயை முடைந்தவர்களின் பெயர்களும் ஒவ்வொன்றாக அச்சிடப்பட்டிருந்தன.

அந்தப் பெயர்களின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். பின்னர் தேடிப் படித்தபோது தெரியவந்தவை என்னை மேலும் ஆழமாகத் தொட்டன. யீ இ-லான் சபாவின் கடலோரத்தில் உள்ள ஒமடால் தீவின் பாஜாவ் சமா டிலாவுத் பெண்களோடும், உள்நாட்டு ஊரான கெனிங்காவின் நெசவாளரோடும் சேர்ந்து வேலை செய்கிறார். முன்னவர்கள் தாழை ஓலையாலும், பின்னவர்கள் மூங்கில் கீற்றாலும் முடைகிறார்கள். பாஜாவ் சமா டிலாவுத் மக்களில் பலர் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேசை என்பது அவருடைய படைப்புகளில் ஆட்சி செலுத்துபவரின் இடம். பாய் என்பது எல்லோரும் ஒன்றாக அமரும் இடம். தோட்டத்துக் காரியாலயத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் துரை அமர்ந்திருக்க, இந்தப் பக்கம் நம்மவர்கள் நின்றுகொண்டே தம் குறையைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையில், பாயை விரித்து அமர்ந்த வாழ்க்கையை அறிந்த ஒருவருக்கு, அந்தப் படைப்பு திறந்துகொள்ள எந்தக் கலைக் கோட்பாடும் தேவைப்படாது. நம்முடைய வாழ்வறிவு ஒரு குறைபாடன்று, அது கலையைப் பார்க்கும் கண் என்பதை எனக்கு உறுதியாகச் சொன்னது அந்தப் பாய்தான். மலையகத்திலிருந்து செல்லும் இளையவர்கள் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தங்களைச் சிறியவர்களாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கம்போடியாவின் சோபியாப் பிச் பிரம்பாலும் மூங்கிலாலும் உருவாக்கும் சிற்பங்களைப் பார்க்கும்போதும் இதே வகையான நெருக்கத்தை உணர்ந்தேன். 1971இல் பிறந்து, சிறுவனாகப் போரிலிருந்து தப்பி, அமெரிக்காவில் படித்து, 2002இல் நாடு திரும்பியவர் அவர். உள்ளே வெறுமையாக, காற்றும் ஒளியும் ஊடுருவும்படி பின்னப்பட்ட அந்த உருவங்களில் கூடை முடைபவரின் கணக்கு இருக்கிறது. நம் அம்மாயிமார் முதுகில் சுமந்த மூங்கில் கொழுந்துக் கூடைகளுக்குப் பதிலாகப் பல தோட்டங்களில் இன்று பிளாஸ்டிக் கூடைகளும் பைகளும் வந்துவிட்டன. அவற்றை முடையத் தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள். பாலியின் சித்ரா சஸ்மிதா இன்னொரு வழியில் செல்கிறார். இதிகாசக் கதைகளைத் துணியில் தீட்டும் கமாசான் என்ற பழைய மரபை எடுத்துக்கொண்டு, அதன் நடுவில் பெண்களை வைக்கிறார். அந்த மரபில் துணிக்கு அரிசிமாக் கூழ் பூசிக் காயவைத்து, சோழியால் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகே வரையத் தொடங்குவார்கள் என்று அறிந்தபோது, விலையுயர்ந்த கன்வஸ் இல்லாமல் தவிக்கும் என் மாணவர்களை நினைத்துக்கொண்டேன். இவர்கள் மூவரும் ஆசியக் கலை உலகில் நன்கு அறியப்பட்டவர்கள். ஆனால் நமக்குப் புதியவர்கள். நமக்குப் புதியவராக இருப்பதே கண்டறிவதற்குப் போதுமான தகுதி. விலை ஏறுவதற்கு முன் பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் வாங்கி விற்பவர்களுக்குரியது.

தேயிலையை ஊடகமாகக் கொண்ட படைப்புகளைக் கண்டால் நான் கூடுதல் கவனத்தோடு நிற்பேன். சந்தைகளில் பலர் தேயிலைச் சாயத்தைத் துணியிலும் காகிதத்திலும் பயன்படுத்துகிறார்கள். பழமைத் தோற்றம் தரும் பழுப்பு நிறத்துக்காக மட்டும் அதை எடுத்துக்கொண்டவர் யார், தேயிலை என்றால் என்னவென்று அறிந்து எடுத்துக்கொண்டவர் யார் என்பதைக் கண்டுகொள்வது நமக்குக் கடினமன்று. கொழுந்து பறிப்பவரின் விரலிடுக்கில் ஏறிய கறை எத்தனை முறை கழுவினாலும் போகாது. இரும்போடு சேர்ந்தால் தேயிலையின் தனின் கறுத்துவிடும் என்பதை நம் வீட்டுக் கத்தியும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் காட்டியிருக்கின்றன. இந்த இயல்புகள் எதுவும் படைப்பில் இல்லாமல், பச்சை மலையும் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணும் மட்டும் இருந்தால், அது சுற்றுலா விளம்பரத்தின் தொடர்ச்சி என்றே நான் கொள்கிறேன். ஓர் இளம் கலைஞரின் அரங்கில், இரும்பு ஆணிகளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்த காகிதத்தின் மேல் பல நாட்கள் கிடத்தி, அவை விட்டுச்சென்ற கரிய தடங்களையே வரிசை வரிசையாகக் காட்டியிருந்தார். ஓர் உருவமும் இல்லை. ஆயினும் தொழிலாளர் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் நிற்கும் வரிசை எனக்கு அதில் தெரிந்தது.

இத்தகைய படைப்புகளைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எத்தனை காலம் நிற்கும்? தேயிலைச் சாயம் வெளிச்சத்தில் நிறம் மாறும். அமிலம் கலந்த காகிதம் காலப்போக்கில் மஞ்சளித்து உடையும். இரும்புக் கறை காகிதத்தையே அரிக்கும். அமிலமற்ற காகிதமா, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியா, நேரடி வெளிச்சம் படலாமா என்று கேட்டால், அக்கறையுள்ள கலைக்கூடம் தெளிவாகப் பதில் சொல்லும். ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியும் ஈரமும் நிறைந்த நுவரெலியா, அட்டன், தலவாக்கலை போன்ற இடங்களில் காகிதப் படைப்பை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில்கள் மிகவும் முக்கியமானவை. வெளிச் சுவரில் நேரடியாக மாட்டாமல், சட்டகத்தின் பின்புறம் காற்றோட்டத்துக்குச் சிறு இடைவெளி விட்டு மாட்டினால் பூஞ்சணம் பிடிப்பது குறைகிறது.

கேள்வி கேட்பதற்குத் துணிவு வேண்டும், அந்தத் துணிவை எனக்குத் தந்தவள் ஓர் அரங்கில் உதவிக்கு நின்ற தமிழ்ப் பெண். நான் சின்னம்மாவின் மகளோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, “அக்கா, நீங்க எங்கிருந்து வர்றீங்க?” என்று கேட்டாள். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் என்றேன். “எங்க பாட்டியும் தோட்டத்துலதான் பொறந்தாங்க, ஜொகூர்ல, ரப்பர் தோட்டம்” என்றாள். அதன் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. விலை கேட்டால் வாங்க வந்தவள் என்று எண்ணிவிடுவார்களோ, வாங்காமல் போனால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குவதாகச் சொன்னேன். “கேக்கறதுக்குத் தயங்கவே வேணாம் அக்கா. பதில் சொல்றதுக்குத்தானே எங்கள இங்க நிக்க வச்சிருக்காங்க. கூட்டம் கொறைவா இருக்கற நேரமா பாத்து வாங்க, அவ்வளவுதான்” என்றாள்.

அவளிடமிருந்தும், அவளைப் பார்த்துப் பிற அரங்குகளில் கேட்டும், எவ்வகைக் கேள்விகள் நல்ல பதிலைக் கொண்டுவருகின்றன என்று அறிந்துகொண்டேன். ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்டால் மனப்பாடமான நான்கு வரிகள் கிடைக்கும். ‘இவரை நீங்கள் முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்டால், பணியாளரின் முகமே மாறிவிடும். ஒரு கல்லூரியின் இறுதியாண்டுக் கண்காட்சி, நண்பரின் பணிமனை, வேறு கலைஞரின் பரிந்துரை என்று உண்மையான வரலாறு வரும். அந்த வரலாற்றில் வேறு சில பெயர்களும் வரும். அவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ‘இதற்கு முந்தைய படைப்புகள் எப்படி இருந்தன’ என்பது இன்னொரு நல்ல கேள்வி. பெரும்பாலும் அவர்கள் கைக்கணினியில் பழைய படங்களைத் திறந்து காட்டுவார்கள்; கலைஞரின் தன்விவரமும் படைப்புப் பட்டியலும் அடங்கிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பவும் முன்வருவார்கள். வாங்க இயலாத ஆசிரியை என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டபோதும் எனக்கு அந்தக் கோப்புகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றை இன்று வகுப்பில் பயன்படுத்துகிறேன்.

விலையைப் பற்றி அறிந்து வைத்திருப்பது வாங்காதவருக்கும் உதவும். ஒரே கலைஞரின் ஓவியங்கள் பெரும்பாலும் அளவின் அடிப்படையில் விலையிடப்படுகின்றன. ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்றின் விலை மாறியிருந்தால், காரணத்தைக் கேட்பதன் வழியாகவும் கலைஞரின் வளர்ச்சியை அறிய முடியும். சொல்லப்படும் தொகை அமெரிக்க டாலரா சிங்கப்பூர் டாலரா, 2024 ஜனவரியிலிருந்து 9 வீதமாக உள்ள பொருட்கள் சேவைகள் வரி அதில் சேர்ந்துள்ளதா, சட்டகமும் அனுப்பும் செலவும் தனியா என்று கேட்க வேண்டும். அச்சுப் படைப்புகளில் காணப்படும் 3/10 என்ற குறி, பத்துப் படிகளில் மூன்றாவது என்று பொருள்படும். படிகள் விற்றுத் தீரத் தீர எஞ்சியவற்றின் விலை உயர்வது வழக்கம். குறைந்த வசதியில் அசல் படைப்பொன்றைச் சொந்தமாக்க விரும்புபவர்களுக்கு இந்த அச்சுப் படைப்புகளே ஏற்றவை.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் நாள் அழைக்கப்பட்ட வாங்குநர்களுக்கானது. வார இறுதிப் பிற்பகல்கள் நெரிசலானவை. பொதுமக்களுக்குத் திறந்த வாரநாளின் முற்பகல் மிகச் சிறந்தது. சந்தை நடக்கும் அதே காலத்தில் சிங்கப்பூர் கலை வாரமும் நடைபெறுவதால், நகரெங்கும் கட்டணமில்லாக் கண்காட்சிகள் பல உண்டு. அச்சுக்கலைக்கும் காகித ஆக்கத்துக்கும் 2002இல் தொடங்கப்பட்ட எஸ்டிபிஐ பணிமனையையும், தென்கிழக்காசியக் கலைக்காக 2015இல் திறக்கப்பட்ட தேசிய கலைக்கூடத்தையும் விட்டுவிடக் கூடாது. சந்தையில் பார்த்த ஓர் இளையவரின் கோடு எந்த மூத்தவரின் வழியில் வந்தது என்பதைத் தேசிய கலைக்கூடத்தில் கண்டுகொள்ள முடிந்தது.

ஊர் திரும்பிய பிறகு செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். பட்டியலில் எஞ்சிய ஒவ்வொரு பெயரையும் மாதந்தோறும் தேடிப் பார்க்கிறேன். இன்ஸ்டகிராமில் பின்தொடர்வது எளிது. ஆனால் அங்கே பளிச்சென்று தெரியும் படைப்புகளே மேலே வருவதால், கலைக்கூடங்களின் மின்னஞ்சல் மடல்களையும், கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கிப் பணியாற்றும் திட்டங்களின் ஆண்டுத் தேர்வுப் பட்டியல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே கலைஞரின் பெயர் வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத தேர்வாளர்களால் தெரிவு செய்யப்பட்டு வருமானால், அவர் நிலைத்து நிற்கக்கூடியவர் என்று கொள்ளலாம். சிலருக்கு நேரடியாகவும் எழுதினேன். உங்கள் இன்ன படைப்பை இன்ன இடத்தில் பார்த்தேன், அதில் இது என்னைத் தொட்டது, என் மாணவர்கள் இன்னாரென்று சுருக்கமாக எழுதி, ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்டால் பதில் வருகிறது. ஆணித் தடங்களைக் காட்டிய அந்த இளம் கலைஞர், தாம் பயன்படுத்தும் சாயத்தின் அளவையும் ஊறவைக்கும் காலத்தையும் எழுதி அனுப்பினார். அவர் சொன்ன முறையில் எங்கள் பிள்ளைகள் தோட்டத்துத் தொழிற்சாலையில் கழித்துவிடப்படும் தூளைக் கொண்டு செய்து பார்த்த காகிதங்களை அவருக்கும் அனுப்பினோம்.

இந்தக் கண்ணோடு நம் நாட்டைத் திரும்பிப் பார்க்கும்போது, தேடிச் செல்ல வேண்டியவர்கள் அருகிலேயே இருப்பது தெரிகிறது. மலையகத்தைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகளையும் தம் கலையின் ஊடகமாக்கி, தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பேசியிருக்கிறார். வினோஜா தர்மலிங்கம் துணியில் ஊசியாலும் நூலாலும் போரின் தடங்களைத் தைக்கிறார். ஹனுஷா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்தப் பல்கலைக்கழகத்தின் நுண்கலை மாணவர்களுடைய இறுதியாண்டுக் கண்காட்சியும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கண்காட்சியும், நம் பிள்ளைகள் பலர் பங்கேற்பவை. எந்தச் சந்தைக்கும் முன்னால் அங்கே சென்று பார்க்க வேண்டும். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம். விளக்கங்கள் தமிழிலும் தரப்படுகின்றன. அட்டனிலிருந்து காலை ரயிலில் பிள்ளைகளை அழைத்துச் செல்லக்கூடிய இடம் அது. நாங்கள் கோயில் மண்டபத்தில் நடத்தும் சிறு கண்காட்சியிலும் விவர அட்டையை மாற்றி அமைத்துவிட்டோம். சேலையைத் தந்த அம்மா, நூல் கோத்துத் தந்த அக்கா, சட்டகம் அடித்துத் தந்த மாமா ஆகியோரின் பெயர்கள் கலைஞரின் பெயருக்குக் கீழே இடம்பெறுகின்றன. அட்டையைப் படிக்க வருபவர்களின் எண்ணிக்கை அதனால் கூடியிருக்கிறது. தம் பெயரைப் பார்க்க வந்தவர்கள் மற்றவர்களின் படைப்புகளையும் நின்று பார்க்கிறார்கள்.

சந்தைக்குத் தம் படைப்புகளின் படங்களோடு செல்ல விரும்பும் இளம் கலைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரங்கில் நிற்பவர்கள் விற்பனையில் மூழ்கியிருப்பார்கள். அங்கே கோப்பை நீட்டினால் அது மேசைக்கடியில் போய்விடும். யாருடைய தேர்வு உங்கள் வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதை மட்டும் அங்கே பார்த்து வாருங்கள். சந்தை முடிந்து சில வாரங்கள் கழித்து, அந்தக் கலைக்கூடத்துக்கு எட்டு அல்லது பத்துப் படங்களோடு ஒரு பக்கத்துக்கு மேற்படாத மடலை அனுப்புங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதுங்கள். பிறந்த இடம் என்ற வரியில் மாவட்டத்தோடு நிறுத்திவிடாமல் தோட்டத்தின் பெயரையும், அதன் பிரிவான டிவிசனையும் குறிப்பிடச் சொல்லி என் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; படிப்பவர் கேட்க விரும்பும் முதல் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.